ஒரே பானையில் எல்லோருக்கும்: ஒவ்வாமை உள்ள வீட்டில் விரைவான பாஸ்தா இரவுணவு

உணவு ஒவ்வாமை உறுதி செய்யப்பட்ட குழந்தையுடன் எங்கள் உணவியல் பிரிவுக்கு வரும் பெற்றோர், விலக்க வேண்டிய பொருள்களை எல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். பின்னர் எழுந்து செல்லும் வேளையில் பெரும்பாலும் ஒரு கேள்வி எழுகிறது: “அப்படியானால் இன்று இரவு என்ன சமைப்பது?” மருந்துச் சீட்டில் இதற்கு விடை இல்லை. ஆனால் அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்தக் குடும்பம் நாள்தோறும் எதிர்கொள்ளப்போவது இந்தக் கேள்வியைத்தான்.

பெரும்பாலான வீடுகளில் முதலில் தோன்றும் வழி, ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தனியாகவும் மற்றவர்களுக்குத் தனியாகவும் சமைப்பதாகும். அண்ணனும் அக்காளும் பாலேடு சேர்த்த பாஸ்தாவை உண்ண, இளையவன் மட்டும் வேறு தட்டில் வேறு உணவை உண்கிறான். இதில் இரு இடர்கள் உள்ளன. ஒன்று, அந்தக் குழந்தையின் மனத்தில் படியும் விலக்கம். மற்றொன்று, அதனினும் அவசரமானது: இரு பாத்திரங்களும் ஒரே அடுப்பில் அருகருகே இருக்கும்போது, களைத்துப்போன கை ஒரே கரண்டியை இரண்டிலும் இட்டுவிடுகிறது.

ஆகவே நாங்கள் பரிந்துரைப்பது இதுவே: குழந்தைக்கெனத் தனி உணவு தேடுவதை விடுத்து, வீட்டார் அனைவரும் விரும்பி உண்ணக்கூடிய, அந்தக் குழந்தைக்கும் தீங்கற்ற ஓர் உணவை ஒரே பானையில் சமையுங்கள். பாஸ்தா இதற்கு மிகவும் ஏற்றது. அரை மணி நேரத்தில் ஆயத்தமாகிவிடும். பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள். அதில் சேரும் பொருள்களும் சிலவே என்பதால் ஒவ்வொன்றையும் சரிபார்க்க இயலும்.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை

மூன்று வெவ்வேறு நிலைகளைப் பலர் ‘ஒவ்வாமை’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகின்றனர்.

உணவு ஒவ்வாமை என்பது, உணவில் உள்ள புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு பகையாகக் கருதித் தாக்குவதாகும். மிகச் சிறிய அளவும் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் போன்றவற்றை உண்டாக்கலாம். வேகவைப்பதாலும் வறுப்பதாலும் இப்புரதங்கள் பெரும்பாலும் அழிவதில்லை.

பால் சர்க்கரை செரியாமை என்பது ஒவ்வாமை அன்று. அது குடலில் நொதி குறைவதால் வருவது. வயிற்று உப்புசமும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். இவர்களுக்கென விற்கப்படும் லாக்டோஸ் நீக்கிய பாலில் பால் புரதம் அப்படியே இருக்கிறது. எனவே பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. ஆட்டுப்பாலும் தக்க மாற்று அன்று. அதன் புரதங்கள் பசும்பாலின் புரதங்களைப் பெரிதும் ஒத்தவை.

சீலியாக் நோய் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடலின் உட்சுவர் சிதையும் நோயாகும். இந்நோய் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், பரிசோதனை முடியும் முன்னரே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனை நோயைக் காட்டாமல் போகக்கூடும்.

உங்கள் குழந்தைக்கு எந்த நிலை, எந்தப் பொருள் என்பதை மருத்துவரே உறுதி செய்ய வேண்டும். ஐயத்தின் பேரில் பல உணவுகளை ஒருசேர விலக்கினால் வளரும் குழந்தை சத்துக் குறைவுக்கு ஆளாகும்.

பாஸ்தாவில் இருப்பவை

கடைகளில் கிடைக்கும் பாஸ்தாவில் பெரும்பாலானவை துரம் கோதுமை ரவையால் ஆனவை. சில வகைகளில் முட்டையும் சேர்க்கப்படுகிறது. நம் சமையலறையில் வழங்கும் சேமியாவும் கோதுமையே. ‘கேழ்வரகு சேமியா’, ‘சிறுதானியப் பாஸ்தா’ என்று முகப்பில் அச்சிட்டிருந்தாலும், பின்புறம் திருப்பிப் பார்த்தால் கோதுமை ரவையோ மைதாவோ அதில் இடம்பெற்றிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். முகப்பில் உள்ள பெயரைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள்.

கோதுமையை விலக்க வேண்டியவர்களுக்கு அரிசி, மக்காச்சோளம், பருப்பு ஆகியவற்றால் மட்டுமே செய்த பாஸ்தாக்கள் உள்ளன. கடலைப்பருப்பு அல்லது மைசூர்ப் பருப்பால் செய்த பாஸ்தாவில் புரதம் மிகுதி. ஆயினும் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள சில குழந்தைகளுக்கு வேறு பருப்புகளும் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் அவ்வகையை முதன்முறை தருவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

பாஸ்தாவுடன் சேரும் குழம்பிலும் கவனம் தேவை. வெள்ளைக் குழம்பில் வெண்ணெய், மைதா, பால் மூன்றும் உள்ளன. ‘பெஸ்டோ’ என்னும் பச்சைக் குழம்பில் பாலாடைக்கட்டியும் முந்திரி அல்லது வேறு கொட்டைப் பருப்பும் உண்டு. பாலில்லாச் சமையலுக்கெனச் சொல்லப்படும் குறிப்புகளில் பால் நீங்கிய இடத்தில் முந்திரி விழுது வந்து அமர்ந்துவிடுகிறது. ஒன்றை விலக்கும்போது அதன் இடத்தில் எது வருகிறது என்று பார்ப்பது நன்று.

பொட்டலத்தை வாசிக்கும் முறை

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பொட்டலமிட்ட உணவில் குளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை மற்றும் கொட்டைப் பருப்புகள், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்பைட் ஆகியவை இருந்தால் அதைத் தனியே அறிவிக்க வேண்டும். ‘கன்டெய்ன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின் வருவது, அப்பொருள் உணவில் இருக்கிறது என்பதைக் குறிக்கும். ‘மே கன்டெய்ன்’ என்றால், அதே ஆலையில் கையாளப்படுவதால் அப்பொருள் கலந்திருக்கக்கூடும் என்று பொருள். இதைப் பெயருக்கு அச்சிட்ட வரி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எள் இந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2023 சனவரி முதல் எள்ளும் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய பொருளாகிவிட்டது. இங்கு எள் ஒவ்வாமை உள்ளவர்கள் சேர்பொருள் பட்டியல் முழுவதையும் வாசிக்க வேண்டும்; நல்லெண்ணெயையும் தவிர்க்க வேண்டும். கடுகுக்கும் இதே நிலைதான். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் நிலக்கடலைப் புரதம் தங்கியிருக்கும் என்பதால், நிலக்கடலை ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு அது ஏற்றதன்று.

‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட, ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சீலியாக் நோயாளிகளுக்கு இது நம்பத்தக்க குறி. ஆனால் கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் அத்துடன் நின்றுவிடலாகாது. வெளிநாட்டுப் பொருள்கள் சிலவற்றில் குளூட்டன் நீக்கிய கோதுமை மாச்சத்து சேர்க்கப்படுகிறது. மேலும், குளூட்டன் இல்லாத பாஸ்தாவில் முட்டை இருக்கலாம்.

வேறு பெயர்களில் வரும் பொருள்கள் சில:
- கோதுமை: செமொலினா, துரம், சூஜி, மைதா
- பால்: கேசீன், வே, மில்க் சாலிட்ஸ், நெய்
- முட்டை: அல்புமின்

ஒரே நிறுவனத்தின் அதே பொருளிலும் சேர்பொருள்கள் மாறுவதுண்டு. எனவே ஒவ்வொரு முறை வாங்கும்போதும் வாசியுங்கள்.

அஞ்சறைப் பெட்டியும் மாவு மில்லும்

கோதுமை ஒவ்வாமை உள்ள சிறுவன் ஒருவனின் குடும்பம் எங்களிடம் வந்திருந்தது. வீட்டில் கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் இல்லை. ஆயினும் அவன் உடலில் அவ்வப்போது தடிப்புகள் எழுந்தன. இரு வாரங்களுக்கு உண்டவை அனைத்தையும் எழுதிவரச் சொன்னோம். தடிப்பு எழுந்த நாள்களில் எல்லாம் ரசமோ சாம்பாரோ இருந்தது. பாட்டியார் அடுத்த முறை தம் பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்தார். அதன் சேர்பொருள்களில் கோதுமை மாவு இருந்தது. பல ஆண்டுகளாகத் தாம் அன்போடு இட்டுவந்த பொருள் அது என்று அறிந்தபோது அவர் கலங்கிப்போனார். அவர்மீது குற்றம் ஏதுமில்லை. டப்பாவின் பின்புறத்தை வாசிக்க வேண்டும் என்று அதுவரை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

கூட்டுப் பெருங்காயம் என்பது பெருங்காயப் பிசினுடன் கருவேலம் வகைப் பிசினும் மாவும் சேர்த்துச் செய்வது. அந்த மாவு பல நேரம் கோதுமையாக இருக்கும்; தூளிலும் இருக்கும், கட்டியிலும் இருக்கும். அரிசி மாவு சேர்த்துச் செய்தவையும் கிடைக்கின்றன. கீழே உள்ள செய்முறைகளில் நாங்கள் பெருங்காயம் சேர்க்கவில்லை.

மாவு மில்லும் அத்தகையதே. கோதுமை அரைத்த இயந்திரத்தில் அடுத்ததாக உங்கள் அரிசி அரைபடும்போது முன்னதன் மிச்சம் இதில் கலக்கிறது. நிலக்கடலையும் முந்திரியும் சேர்த்த சத்துமாவு அரைத்த பின்னரும் இதே நிலைதான். ஆகவே அரிசி மாவை வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். அல்லது லேபிளை வாசித்துப் பொட்டலமாக வாங்கலாம்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்

- பாஸ்தா வடிக்கும் சல்லடையின் துளைகளில் பழைய மாவு ஒட்டியிருக்கும். ஒவ்வாமைக்கெனப் புதிய சல்லடை ஒன்றையும் கரண்டி ஒன்றையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மரக்கரண்டியின் வெடிப்புகளைத் தூய்மை செய்வது கடினம்.
- கோதுமைப் பாஸ்தா வெந்த நீரில் அரிசிப் பாஸ்தாவை வேகவைக்க வேண்டாம்.
- பூரி, பஜ்ஜி பொரித்த எண்ணெயை மறுபடியும் பயன்படுத்த வேண்டாம்.
- கைகளைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். கிருமிநீக்கித் திரவம் கிருமிகளைக் கொல்லும். கையில் ஒட்டிய நிலக்கடலைப் புரதத்தை அகற்றாது.
- வீட்டில் வேறு உணவும் சமைக்க நேர்ந்தால், ஒவ்வாமைக் குழந்தையின் உணவை முதலில் சமைத்து மூடி வைத்துவிடுங்கள்.

மூன்று இரவுணவுகள்

கீழ்க்கண்டவை நால்வருக்கான அளவுகள். மூன்றிலும் கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி, பாதாம், சோயா, எள், கடுகு ஆகியவை இல்லை. நீங்கள் வாங்கும் பொட்டலங்களும் அவ்வாறே இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க்குச் சூரியகாந்தி எண்ணெயைக் குறித்துள்ளோம்.

அரிசி, சோளப் பாஸ்தாக்களை வேகவைப்பதில் ஒரு பக்குவம் உண்டு. அவற்றில் குளூட்டன் இல்லாததால் எளிதில் குழைந்துவிடும். 300 கிராம் பாஸ்தாவுக்கு 3 லிட்டர் நீர் வைத்து, நன்கு கொதித்த பின்னரே போடுங்கள். முதல் இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. பொட்டலத்தில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். வடிக்கும் முன் ஒரு குவளை நீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் கரைந்துள்ள மாச்சத்து குழம்பைப் பிடித்து நிறுத்தும்.

1. தக்காளி மைசூர்ப் பருப்புப் பாஸ்தா (30 நிமிடம்)

தேவையானவை: அரிசி அல்லது சோளப் பாஸ்தா 300 கிராம், மைசூர்ப் பருப்பு 100 கிராம், நன்கு பழுத்த தக்காளி அரை கிலோ, வெங்காயம் 1, பூண்டு 6 பல், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு, கொத்தமல்லித்தழை.

பாஸ்தாவுக்கு உலை வைத்துவிட்டுப் பருப்பைக் கழுவி ஊற விடுங்கள். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் சீரகம், பூண்டு, வெங்காயம் இட்டு வதக்கி, நறுக்கிய தக்காளியும் மிளகாய்த்தூளும் உப்பும் சேருங்கள். தக்காளி குழைந்ததும் பருப்பையும் இரண்டு குவளை நீரையும் சேர்த்து மூடி, பருப்பு கரையும்வரை ஏறத்தாழ 15 நிமிடம் வேக விடுங்கள். மத்தால் கடைந்தால் குழம்பு கெட்டியாகி, பாலேடு சேர்த்தது போன்ற வழுவழுப்பைப் பெறும். இதற்கிடையில் பாஸ்தாவை வேகவைத்து வடித்து, எடுத்து வைத்த நீரைச் சிறிது சேர்த்துக் குழம்பில் கலந்து, தழையைத் தூவுங்கள். பருப்பு ஒவ்வாத குழந்தைக்கு அதன் இடத்தில் 250 கிராம் பரங்கிக்காயை நறுக்கிச் சேர்த்து, நீரை ஒரு குவளையாகக் குறைத்துக்கொள்ளலாம்.

2. தேங்காய்ப்பால் வெள்ளைப் பாஸ்தா (25 நிமிடம்)

தேவையானவை: அரிசிப் பாஸ்தா 300 கிராம், நறுக்கிய கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி சேர்த்து 2 குவளை, கெட்டித் தேங்காய்ப்பால் 1 குவளை, இரண்டாம் பால் 1 குவளை, அரிசி மாவு 1 மேசைக்கரண்டி, பூண்டு 4 பல், மிளகுத்தூள், உப்பு, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு சிறிது.

பூண்டை வதக்கி, காய்களையும் உப்பையும் இட்டு, இரண்டாம் பாலை ஊற்றி வேகவையுங்கள். அரிசி மாவைச் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து ஊற்றிக் கிளறினால் குழம்பு கெட்டிப்படும். தணலைக் குறைத்து, கெட்டிப்பாலைச் சேர்த்து, கொதி வருமுன் இறக்கிவிடுங்கள், கொதித்தால் திரிந்துவிடும். வெந்த பாஸ்தா, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கலக்குங்கள். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தேங்காய் ஒத்துக்கொள்கிறது. ஆயினும் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பட்டாணி ஒவ்வாதவர்கள் அதை விட்டுவிடலாம்.

3. மிளகுக் கோழி இடியாப்பம் (25 நிமிடம், இடியாப்பம் ஆயத்தமாக இருந்தால்)

கோதுமையில்லாப் பாஸ்தா எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை, விலையும் மிகுதி. கிடைக்காவிடில் வருந்த வேண்டாம். அரிசி மாவும் நீரும் உப்பும் மட்டுமே சேர்ந்த இடியாப்பம், நம் வீட்டில் தலைமுறைகளாக இருந்துவரும் அரிசி நூலிழை உணவுதான். கடைகளில் கிடைக்கும் உலர்ந்த அரிசிச் சேவையும் இதற்கு ஏற்றது. கோதுமை இடியாப்பமும் விற்பனையில் உள்ளது என்பதால், ஆயத்தமாக வாங்குவோர் கேட்டு வாங்க வேண்டும்.

தேவையானவை: இடியாப்பம் 12, எலும்பில்லாக் கோழி கொத்தியது 250 கிராம், வெங்காயம் 2, குடைமிளகாய் 1, இஞ்சி பூண்டு விழுது 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு, எண்ணெய் 2 மேசைக்கரண்டி.

வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் வதக்கி, விழுதைச் சேர்த்துப் பச்சை வாசம் போனதும் கோழியை இட்டு, இளஞ்சிவப்பு நிறம் முற்றிலும் மறையும்வரை வேகவையுங்கள். குடைமிளகாய், தூள்கள், உப்பு சேர்த்துக் கிளறி, உதிர்த்த இடியாப்பத்தைப் போட்டு மெதுவாகப் புரட்டுங்கள். சைவ உணவு உண்போர் கோழிக்கு மாற்றாக வேகவைத்த கொண்டைக்கடலை சேர்க்கலாம். அது குழந்தைக்கு ஒத்துக்கொள்ளும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

விலக்கியதற்கு ஈடு செய்தல்

பாலை விலக்கும்போது சுண்ணாம்புச் சத்தும் புரதமும் குறைகின்றன. கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்றவை சுண்ணாம்புச் சத்தை அளிக்கும். முருங்கைக்கீரையை முதல் செய்முறையின் குழம்பில் கடைசி ஐந்து நிமிடம் சேர்த்தால் பிள்ளைகள் மறுக்காமல் உண்பார்கள். தேங்காய்ப்பால் சுவையில் பாலுக்கு ஈடாகுமேயன்றிச் சத்தில் ஈடாகாது. குழந்தையின் எடையையும் உயரத்தையும் தவறாமல் அளந்து பதிவு செய்துவாருங்கள். வளர்ச்சி தடைப்பட்டால் மாற்று உணவும் கூடுதல் சத்து மருந்தும் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

சில ஒவ்வாமைகள், குறிப்பாகப் பால், முட்டை, கோதுமை ஒவ்வாமைகள், வயது ஏற ஏறப் பல குழந்தைகளுக்கு நீங்கிவிடுகின்றன. ஆனால் அது நீங்கியதா என்பதை வீட்டில் சிறிது கொடுத்துப் பார்த்துச் சோதிக்கக் கூடாது. அச்சோதனை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நடைபெற வேண்டும்.

தவறு நேர்ந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருப்பினும் தவறு நேரக்கூடும். உண்ட சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ கீழ்க்கண்ட அறிகுறிகள் தோன்றினால் அது உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமையாக இருக்கலாம்:

- மூச்சுத்திணறல், இழுப்பு, விடாத இருமல், குரல் கம்முதல்
- நாக்கு அல்லது தொண்டை வீங்குதல்
- தலைசுற்றல், வெளிறிப்போதல், குழந்தை துவண்டுபோதல்
- தடிப்புடன் சேர்ந்து தொடர் வாந்தி

மருத்துவர் அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால், அவர் கற்றுத்தந்தபடி தொடையின் நடுப்பகுதியில் வெளிப்புறமாக உடனே செலுத்துங்கள். அதன் பின் 108-ஐ அழையுங்கள். ஊசி இல்லாவிடில் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். குழந்தையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு விடத் திணறினால் உட்காரவைக்கலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது. அரிப்புக்குத் தரும் மாத்திரையோ பாகுமருந்தோ மட்டும் இந்நிலையைத் தடுக்காது. கைவைத்தியத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அறிகுறிகள் தணிந்தபின்னும் சில மணி நேரம் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பது அவசியம். அவை திரும்பவும் தோன்றுவதுண்டு.

இந்த அறிகுறிகளையும், தரக்கூடாத உணவுகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுச் சமையலறையிலும் குழந்தையின் பள்ளிப் பையிலும் வைத்திருங்கள். பாட்டி, தாத்தா, அத்தை, பக்கத்து வீட்டார் எனக் குழந்தையின் கையில் தின்பண்டம் கொடுக்கக்கூடிய ஒவ்வொருவரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை எங்கள் பிரிவுக்கு வரும்போது, நீங்கள் வழக்கமாக வாங்கும் பொட்டலங்களின் வெற்று உறைகளையும், அஞ்சறைப் பெட்டிப் பொருள்களின் லேபிள்களையும் ஒரு பையில் இட்டு எடுத்துவாருங்கள். அவற்றை உங்களுடன் அமர்ந்து ஒவ்வொன்றாக வாசிக்கிறோம். அன்று இரவே உங்கள் வீட்டில் அனைவரும் ஒரே பானையிலிருந்து பரிமாறி உண்ணலாம்.